டீசல் பிக்கப்: 120-இல் போவதா, 100-இல் போவதா, 80-இல் போவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வாரம் ஒருமுறை டீசல் பிக்கப்பில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய், வாழையிலைக் கட்டுகள் என்று முக்கால் டன் சரக்கு ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே இருக்கும் லெனேசியா வரை, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் போகிறீர்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் ஆகிறது. வெறும் வண்டியாகத் திரும்பும்போது அதே வேகத்தில் 9 லிட்டர்தான். 80-க்கு மேல் போகாதே என்கிறார் உங்கள் மாமனார். டீசல் இன்ஜினை மெதுவாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், விரட்டி ஓட்டினால்தான் மைலேஜ் கிடைக்கும் என்கிறார் உங்கள் மெக்கானிக். இருவரில் யார் சொல்வது சரி என்பதே கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். சரக்கோடு போகும்போது எந்த வேகம் கட்டுப்படியாகும் என்பது ஒன்று. வேகம் கூடினால் செலவு கூடும் என்ற விதியிலிருந்து டீசல் இன்ஜினுக்கு விலக்கு உண்டா என்பது இன்னொன்று.

விலக்கு கிடையாது. திருச்சியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு டர்பனுக்கு வந்து, சரக்கு வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கிறது. மாதக் கடைசியில் வண்டி வாரியாக டீசல் கணக்குப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மாமனார் கணக்கில் சரி, சாலையில் முழுக்கச் சரியில்லை. உங்கள் மெக்கானிக் சொல்வதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன, ஆனால் அவை நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. உங்கள் சரக்குக்கும் உங்கள் பாதைக்கும் 95 முதல் 100 வரையிலான வேகமே பொருந்தும். காரணம் இன்ஜினில் இல்லை, காற்றில் இருக்கிறது.

சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு எதிர்ப்புகளைத்தான் வெல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு. இது எடையைப் பொறுத்தது. வேகத்தால் அதிகம் மாறாது. இன்னொன்று காற்று. வேகத்தின் இருமடியில் ஏறுவது இது. 100-இலிருந்து 120-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ 1.44 மடங்காகிறது. அந்த எதிர்ப்பை நொடிக்கு நொடி வெல்லத் தேவைப்படும் சக்தி 1.73 மடங்காகிறது. இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றை வெறுமையாக, காற்று வீசாத சமதளத்தில் ஓட்டுவதாக வைத்துக் கணக்கிட்டால், 80-இல் சக்கரத்துக்குத் தேவைப்படுவது சுமார் 14 கிலோவாட். 100-இல் 23. 120-இல் 35. இவை வண்டியின் முகப்பு அளவையும் வடிவத்தையும் வழக்கமான மதிப்புகளாக எடுத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு. உங்கள் வண்டியில் பத்துச் சதவீதம் இப்படியோ அப்படியோ இருக்கலாம். ஆனால் அந்த ஏற்றத்தின் போக்கு மாறாது.

இப்போது உங்கள் மெக்கானிக்கிடம் வருவோம். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றை நெரித்துத் தன் வேலையைக் கட்டுப்படுத்துவதில்லை; உள்ளே தெளிக்கும் டீசலின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கிறது. அதனால் குறைந்த பளுவிலும் பெட்ரோல் அளவுக்கு வீணாக்குவதில்லை. இருந்தாலும் எந்த இன்ஜினும் ஓரளவு பளு ஏறும்போதுதான் தன் சிறந்த திறனைக் காட்டும். 80-இல் நீங்கள் கேட்கும் 14 கிலோவாட், 110 கிலோவாட்டுக்கு மேல் தரக்கூடிய இன்ஜினுக்கு விளையாட்டு. அப்போது எரியும் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் கிடைக்கும் வேலை, 120-இல் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவுதான். மெக்கானிக் சொல்வதில் இருக்கும் முதல் உண்மை இது. அதன் விளைவு என்ன? 120-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் காற்றுக் கணக்கு காட்டும் அளவுக்குப் பெரிதாகக் கண்ணில் படாது. ஆனால் வித்தியாசம் தலைகீழாக மாறிவிடாது. இன்ஜினின் திறன் சில சதவீதம் உயர்வதற்குள் தேவை பாதிக்கு மேல் உயர்ந்துவிடுகிறதே! நூறு ரூபாய்ப் பொருளை ஐந்து ரூபாய் தள்ளுபடியில் தருகிறார்கள் என்பதற்காக இரண்டு வாங்கி வருவதுபோல்தான் இது.

அடைத்துக்கொள்ளும் என்கிறாரே, அதுதான் இரண்டாவது உண்மை. எப்போதும் ஊருக்குள் மட்டும், சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓடும் டீசல் வண்டியில் கரி சேரும். புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டியானால் அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்ய அது கூடுதலாக டீசல் செலவழிக்கும். அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோனால் எச்சரிக்கை விளக்கு எரியும். வடிகட்டி உள்ள வண்டிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம்) அல்லது அதைவிடக் கந்தகம் குறைந்த டீசல்தான் போட வேண்டும், இங்கே இன்னும் விற்கப்படும் 500 பிபிஎம் வேண்டாம். ஆனால் டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் 100-இல் ஆறு மணி நேரம் ஓடும் வண்டியை மெதுவாக ஓடும் வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியேறும் புகையின் வெப்பம், குறிப்பாகச் சரக்கோடு மேடேறும்போது, தாராளமாகப் போதும். கரிக்குப் பயந்து 120-இல் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லவே இல்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 12-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளி. அந்த மூன்று லிட்டர் எங்கே போகிறது என்று பார்த்தால், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்பது தானாகவே விளங்கிவிடும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பகுதி அதைவிடச் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரக்கோடு சேர்த்து மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க, இன்ஜினின் வீணடிப்பையும் சேர்த்தால், நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் வேண்டும். அறுநூறு கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு அறுநூறு, எழுநூறு மில்லிலிட்டர். இந்தச் செலவை வேகத்தைக் குறைத்து மிச்சப்படுத்த முடியாது. மெதுவாகத் தூக்கினாலும் வேகமாகத் தூக்கினாலும் தூக்கும் உயரம் ஒன்றுதான். திரும்பும்போது இறக்கம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. முழுவதையும் தராது, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பமாகிக் காணாமல் போகிறது. மேலும் என்3 ஒரே சீராக ஏறும் சாலையும் அல்ல. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன் ஏறி இறங்குகிறது, டவுன் ஹில் என்ற மேட்டில் மறுபடி ஏறுகிறது, மூய் ரிவர் ஊருக்குப் பிறகு டுகேலா ஆற்றை நோக்கி இறங்கி, வான் ரீனன்ஸ் கணவாயில் மறுபடி மேலே போகிறது. ஆகப் போகவரப் பார்த்தால், உங்கள் மூன்று லிட்டர் இடைவெளியில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இந்த மேட்டின் கணக்கு.

அடுத்தது எடை. முக்கால் டன் சரக்கு டயர்களை அழுத்துவதால் நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் கூடும். மீதி ஒன்றேகால் லிட்டர்? அது நீங்கள் சரக்கை அடுக்கும் விதம். கேபின் உயரத்துக்கு மேலே இரண்டு வரிசைக் கூடைகள், அதன்மேல் வாழையிலைக் கட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கறிவேப்பிலையும் வாழையிலையும் கனமில்லாதவை, ஆனால் இடத்தை அடைப்பவை. பலரும் எடையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உங்கள் போன்ற சரக்கில் உயரம்தான் டீசலை விழுங்குகிறது. காற்றின் முன்னால் நிற்கும் பரப்பும் கூடுகிறது, வடிவமும் கெடுகிறது.

அடுத்த முறை லெனேசியா போய்ச் சேர்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். தார்ப்பாயைச் சுருட்டி வைப்பதற்கு முன் அதன் முன்பக்க ஓரத்தை, கேபின் கூரையை ஒட்டி வரும் பகுதியை, கையில் எடுத்துப் பாருங்கள். எங்கே நைந்திருக்கிறது, கயிறு கோக்கும் பித்தளை வளையங்களில் எவை இழுபட்டு நீண்டிருக்கின்றன, எந்த மூலையில் துணி வெளுத்து நூல் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் காற்று புகுந்து தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் படபடப்புக்கான சக்தியும் உங்கள் டேங்கிலிருந்துதான் போகிறது. முன்வரிசையைக் கேபின் உயரத்துக்குள் அடக்கி, உயரமான கூடைகளைப் பின்னால் தள்ளி, தார்ப்பாயை முன்னிருந்து பின்னாகச் சரிவாக ஏறும்படி இழுத்துக் கட்டுங்கள். முன் ஓரத்தைக் கூடைக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். வெறும் கயிற்றை நம்ப வேண்டாம். பின்பாரம் மிகாதபடி கனமான முருங்கைக்காய், மிளகாய்க் கூடைகள் அடியில், பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். இதனால் எத்தனை லிட்டர் மிச்சம் என்று சரக்கைப் பார்க்காமல் எண்ணாகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் 100-ஐத் தாண்டினால் நன்றாகவே தெரியும்.

இடையில் ஒன்று. வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு போகும் வழக்கம் பலரிடம் இருக்கிறது, காற்று தடையில்லாமல் போகுமாம். காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதற்கு ஆதரவாக இல்லை. கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் நிலையாகத் தங்கி, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலைந்துபோகிறது. மூடியே வையுங்கள். பெட்டிக்கு மேல் இறுக்கமான மூடி போட்டால் சிறிது நன்மை உண்டு, அவ்வளவுதான்.

சரி, உயரமான சரக்கு என்றால் வேகத்தின் விளைவு இன்னும் கூடும் என்பதுதான் இதிலிருந்து வரும் முடிவு. வெறும் வண்டியில் 120-இலிருந்து 100-க்கு இறங்கினால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் அளவில் மிச்சம் என்றால், உங்கள் தார்ப்பாய்ச் சுமையோடு இரண்டு லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். போகும் வழியில் 12 லிட்டர், போக வர 20 லிட்டருக்குச் சற்று அதிகம்.

அப்படியானால் மாமனார் சொல்லும் 80 இன்னும் நல்லதுதானே? டீசல் கணக்கில் ஆம். பெரும்பாலான பிக்கப்களுக்கு மிகக் குறைந்த செலவு, மேல் கியரில் இன்ஜின் திணறாமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில், அதாவது 60-க்கும் 80-க்கும் இடையில் எங்கேயோ வரும். ஆனால் என்3-இல் 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்குச் சட்டப்படி உச்ச வேகமே 80. நீங்களும் 80-இல் போனால் அந்த லாரிகளின் வரிசையில் ஒருவராகிவிடுவீர்கள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இறக்கத்தில் உங்களை நெருக்கும், மேட்டில் உங்கள் வழியை அடைக்கும். ஒவ்வொரு மேட்டிலும் வேகம் இழந்து மறுபடி எடுப்பதில் மிச்சத்தின் ஒரு பகுதி போய்விடும். அதைவிட முக்கியம், உங்கள் சரக்கு வாடும் சரக்கு; எட்டு மணி நேரப் பயணம் வாழையிலைக்கு ஆகாது. 95 முதல் 100 வரை என்றால் லாரிகளை நிதானமாகத் தாண்டிக்கொண்டு போகலாம், 120-இல் வருபவர்களுக்கும் பெரிய இடைஞ்சலாக இருக்காது. லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் காற்று குறையும் என்று யாராவது சொல்வார்கள். குறையும், உண்மைதான். மிச்சம் தெரிய வேண்டுமானால் எவ்வளவு நெருங்க வேண்டுமோ, அவ்வளவு நெருங்கினால் லாரிக்காரர் பிரேக் பிடிக்கும்போது நீங்கள் நிற்க முடியாது. அந்தப் பேச்சே வேண்டாம்.

கியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்ற பெயரில் மேல் கியரிலேயே பிடிவாதமாக மேடேற்ற வேண்டாம். இப்போதைய 2.4 முதல் 2.8 லிட்டர் வரையிலான டர்போ டீசல்கள் நிமிடத்துக்கு 1,600 முதல் 2,500 சுற்றுகளுக்குள் நன்றாக இழுக்கும். சரக்கோடு 1,300-க்குக் கீழே விழுந்து வண்டி உறுமத் தொடங்கினால் கரியும் வெப்பமும் கூடும், கிளட்ச்சுக்கும் நல்லதல்ல. ஒரு கியர் இறக்குங்கள். டவுன் ஹில்லிலும் வான் ரீனன்ஸிலும் 100-ஐக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று மிதிக்காமல் 80, 85 வரை இயல்பாக விழ விடுங்கள்; குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் மேட்டில் அணைத்துவிடுங்கள், அதற்குச் சிக்கனம் தெரியாது. இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் டீசல் எடுப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போனால்தான் இன்ஜின் தானே சுழன்றுகொண்டிருக்க டீசல் வேண்டும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டியை வான் ரீனன்ஸ் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி விடுவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் வரும் சமவெளியில், 1,600 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. எதிர்ப்பும் அதே அளவு குறைகிறது. டர்போ இருப்பதால் இன்ஜின் பெரிதாகத் திணறுவதில்லை. அதனால் அந்தப் பகுதியில் மைலேஜ் நன்றாகக் காட்டும். எதிர்க்காற்று வீசாதவரை, என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 100-இல் போவது, காற்றைப் பொறுத்தவரை 120-இல் போவதற்குச் சமம். ஒரே வேகத்தில் ஒரு வாரம் ஒரு கணக்கும் அடுத்த வாரம் வேறு கணக்கும் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்; பெட்ரோல் பங்கில் டீசலில் கலப்படம் செய்துவிட்டான் என்று திட்டுவதற்கு முன் அன்றைய காற்றை நினைத்துப் பாருங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: 100-க்கு மேல் செலவை நிர்ணயிப்பது காற்று; மேட்டின் செலவு வேகத்தால் மாறாது; டீசல் இன்ஜின் இதற்கு விதிவிலக்கல்ல. நான் கொடுத்த லிட்டர் கணக்குகள் மதிப்பீடுகள். உங்கள் வண்டியில் அது ஒன்றரையா இரண்டரையா என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும், அளப்பதில் சில பொறிகள் இருக்கின்றன. டாஷ்போர்டில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வண்டிக்குச் சாதகமாகவே பேசும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது என்பதே சர்வதேச விதி. அதனால் முள் 120-இல் நிற்கும்போது உண்மையில் 114, 115-ஆக இருப்பது சாதாரணம். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டயரை மாற்றியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் அழகுக்காக 285/70 ஆர்17 போட்டிருந்தால் சக்கரத்தின் விட்டம் 7 சதவீதம் கூடிவிடுகிறது. ஓடோமீட்டர் அந்த அளவு குறைவாகப் பதியும், ஓடிய தூரமே தவறாகிவிடும். டயரில் காற்று, கதவோரத்து ஸ்டிக்கரில் சரக்குக்கென்று எழுதியிருக்கும் அளவில் இருக்கட்டும்.

டீசல் நுரைக்கும். வேகமாக நிரப்பினால் டேங்க் நிறைவதற்கு முன்பே பம்ப் நின்றுவிடும். இரண்டு லிட்டர் பிசகினால் அறுபது லிட்டரில் மூன்று சதவீதம் போயிற்று. அதே பங்கு, அதே பம்ப், மெதுவாக நிரப்பச் சொல்லி முதல் முறை நிற்கும்போது நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், போக வர முழுவதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு மாதம் 120, ஒரு மாதம் 100. ஒரே வாரத்தில் முடிவுக்கு வர வேண்டாம்.

நேரம் எவ்வளவு போகும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாளில் பார்த்தால் 600 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், வித்தியாசம் ஒரு மணி. ஆனால் சுங்கச்சாவடிகள், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சாலை வேலைகள், லாரி வரிசைகள் என்று எல்லாவற்றிலும் 120-காரரும் நின்றுதான் போக வேண்டும். நடைமுறையில் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரைதான் பிந்துவீர்கள். லிட்டர் இருபது ராண்ட் என்று கணக்குக்கு வைத்தால், போகும்போது மட்டும் 240 ராண்ட் மிச்சம். அந்த முக்கால் மணி நேரம் அதைவிட விலை உயர்ந்ததா என்பதை லெனேசியாவில் காத்திருக்கும் உங்கள் கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். விசேஷ நாளுக்கு முந்தைய நாளானால் பதில் வேறாக இருக்கலாம்.

டேங்க் 80 லிட்டர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கடற்கரையைவிட உள்நாட்டில் டீசல் விலை கூடுதல்; கொண்டுபோகும் செலவும் விலையில் சேர்கிறது. பெட்ரோலின் சில்லறை விலையைத்தான் அரசு நிர்ணயிக்கிறது, டீசலின் விலையை அல்ல; அதனால் பங்குக்குப் பங்கும் விலை மாறும். ஆகவே டர்பனில் முழுவதும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கூடுதல் டீசலின் எடை பொருட்டல்ல. 120-இல் போக வர சுமார் 126 லிட்டர் ஆனால் 46 லிட்டரை மேலே வாங்க வேண்டும். 100-இல் 105 லிட்டருக்குள் முடிந்தால் அங்கே வாங்குவது 25 லிட்டர்தான், அடியில் கொஞ்சம் இருப்பு வைக்க இன்னும் பத்து லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் இருபது லிட்டரும் விலை கூடிய அந்தப் பக்கத்து டீசலாகவே இருக்கும்.